பெரியவர்களும் கூத்தடிக்க வேண்டும்

1995 மார்ச் 13ஆம் தேதி காலை, மும்பை அந்தேரியின் லோகண்ட்வாலா பகுதிப் பூங்கா ஒன்றில் மதன் கட்டாரியா என்ற மருத்துவர், நடைப்பயிற்சிக்கு வந்தவர்களைச் சேர்ந்து சிரிக்கக் கூப்பிட்டார். சிரிப்பு உடம்புக்கு என்ன செய்கிறது என்று கட்டுரை எழுதிக்கொண்டிருந்தவர், எழுதுவதோடு நிற்காமல் செய்தே பார்த்துவிடலாம் என்று இறங்கியிருந்தார். முதல் நாள் நாலைந்து பேர்தான் சேர்ந்தார்கள். வட்டமாக நின்று ஆளுக்கொரு ஜோக் சொல்லிச் சிரித்தார்கள். அடுத்தடுத்த நாட்களில் கூட்டம் பெருகியது, ஆனால் நல்ல ஜோக்குகள் சீக்கிரமே தீர்ந்துபோயின. அப்புறம் வந்தவை பெண்களைக் குத்துகிற, ஆபாசம் கலந்த ஜோக்குகள். சிலர் முகம் சுளித்தார்கள். கிளப்பை மூடிவிடலாமா என்ற பேச்சுகூட எழுந்தது.

கட்டாரியா ஜோக்கை எடுத்துவிட்டுச் சிரிப்பை மட்டும் வைத்துக்கொண்டார். யோகா ஆசிரியையான அவர் மனைவி மாதுரி மூச்சுப் பயிற்சியைச் சேர்த்தார். கை தட்டிக்கொண்டே 'ஹோ ஹோ, ஹா ஹா ஹா' என்பது, நாக்கை நீட்டிக் கண்ணை உருட்டிச் சிங்கம் மாதிரி சிரிப்பது, இல்லாத போனைக் காதில் வைத்துக்கொண்டு யாருடனோ பேசுவதுபோல் சிரிப்பது என்று ஒரு முறை உருவானது. முதலில் வரவழைத்த சிரிப்பு, பக்கத்தில் நிற்பவரின் முகத்தைப் பார்த்ததும் நிஜச் சிரிப்பாகிவிடும். மும்பையில் பிறந்த இந்தப் பழக்கம் இன்று உலகத்தின் பல நாடுகளில் நடக்கிறது. மே மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமையைச் சிரிப்பு நாளாகவும் கொண்டாடுகிறார்கள்.

மும்பை மாட்டுங்காவின் ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவில் இப்படி ஒரு குழுவை நான் நின்று பார்த்திருக்கிறேன். கால்சட்டையும் கான்வாஸ் ஷூவும் போட்ட ஓய்வுபெற்ற அதிகாரிகள், மடிசாரை விட்டுச் சுடிதாருக்கு மாறிய மாமிகள், ஒரு குஜராத்தி ஜவுளிக்கடைக்காரர். சிங்கச் சிரிப்பு வந்தபோது அறுபது வயதைத் தாண்டிய ஒரு மாமி நாக்கை முழுசாக நீட்டி, எதிரே நின்ற கணவரைப் பார்த்து நிஜமாகவே கர்ஜித்தார். அவர் இரண்டடி பின்னால் போய் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அந்த வீட்டில் அன்றைக்கு முழுவதும் பேச்சு வேறு மாதிரி இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

ஜோக் இல்லாமல் சிரிக்க முடியும் என்பது கட்டாரியாவின் கண்டுபிடிப்பு மட்டுமல்ல. அமெரிக்காவின் மேரிலாந்தில் ராபர்ட் புரொவைன் என்ற நரம்பியல் ஆய்வாளர் கடைத்தெரு, கல்லூரி வளாகம் என்று பொது இடங்களில் மனிதர்கள் தாமாகச் சிரித்த 1,200 தருணங்களைக் குறித்துவைத்தார். ஜோக் என்று சொல்லத்தக்க ஒன்றைக் கேட்டு வந்த சிரிப்பு அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மிச்சமெல்லாம் 'சரி, அப்ப பார்க்கலாம்', 'எங்கே போயிட்டே இத்தனை நாளா?' மாதிரியான சாதாரணப் பேச்சுக்குப் பின்னால் வந்தவை. தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிடக் கூட ஆள் இருக்கும்போது மனிதர்கள் சுமார் 30 மடங்கு அதிகம் சிரிப்பதாகவும் அவர் கணக்கிட்டார்.

பெரியவர்களின் விளையாட்டுத்தனத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் நான் திரும்பத் திரும்ப வந்து சேருவது இந்த இடத்துக்குத்தான். 'மனசை இளமையா வெச்சுக்கோங்க' என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் வளர்ந்த ஒருவர் விளையாட மனசு மட்டும் போதாது. கூட ஆள் வேண்டும், இடம் வேண்டும், 'இங்கே யாரும் என்னைத் தப்பாக நினைக்க மாட்டார்கள்' என்ற நம்பிக்கையும் வேண்டும். இவை இருந்தால் விறைப்பான ஆளும் விளையாடுவார். இல்லையென்றால் இயல்பிலேயே குறும்பானவரும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

எலியும் பூனை முடியும்

இதற்கு மிகத் தெளிவான சாட்சி எலிகளிடமிருந்து வருகிறது. யாக் பாங்க்செப் என்ற ஆய்வாளர் 1990களின் இறுதியில் ஒஹாயோவில் ஆய்வுக்கூட எலிகளின் கழுத்திலும் வயிற்றிலும் கிச்சுகிச்சு மூட்டினார். எலிகள் 50 கிலோஹெர்ட்ஸ் அளவில், மனிதக் காதுக்கு எட்டாத உச்ச ஒலியில் கீச்சிட்டன. தமக்குள் குத்திப் புரண்டு விளையாடும்போதும் அதே ஒலிதான். கிச்சுகிச்சு மூட்டிய கையைப் பின்னாலேயே துரத்திக்கொண்டு வந்தன. மூளையின் மேலடுக்கை நீக்கிவிட்ட எலிகளும் விளையாடத்தான் செய்தன. அதாவது விளையாட்டின் வேர் யோசிக்கும் மூளையில் இல்லை. பசியும் பயமும் குடியிருக்கும் ஆழத்தில் இருக்கிறது.

அதே பாங்க்செப் இன்னொன்றும் செய்தார். உற்சாகமாக விளையாடிக்கொண்டிருந்த எலிகளின் கூண்டில் கொஞ்சம் பூனை முடியைப் போட்டார். பூனை அங்கே இல்லை, வாசனை மட்டும்தான். விளையாட்டு அப்படியே நின்றது. முடியை எடுத்த பிறகும் சில நாட்களுக்குப் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. 2016இல் பெர்லினில் ஷிம்பேய் இஷியாமாவும் மைக்கேல் பிரெஹ்ட்டும் செய்த சோதனையிலும் இதே கதைதான். கிச்சுகிச்சுக்குத் துள்ளிக்கொண்டிருந்த எலியை வெளிச்சம் கொட்டும் உயரமான மேடையில் தூக்கி வைத்தவுடன் சிரிப்பொலி அடங்கியது, மூளையில் அதற்கான இடத்தின் துடிப்பும் அடங்கியது. மூன்று வருடம் கழித்து அதே ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்குக் கண்ணாமூச்சி சொல்லிக்கொடுத்தார்கள். கண்டுபிடித்தால் தீனி கிடையாது, கொஞ்சலும் கிச்சுகிச்சும்தான் பரிசு. எலிகள் ஒளிந்திருக்கும்போது சத்தமே போடாமல் இருந்தன. சில சமயம் கண்டுபிடித்த பிறகும் ஓடிப்போய் மறுபடி ஒளிந்துகொண்டன, ஆட்டம் முடிந்துவிடக் கூடாது என்பதற்காக.

நம் அலுவலகங்களில், வீடுகளில், பள்ளிக்கூட ஆசிரியர் அறைகளில் பூனை முடி எங்கெங்கே கிடக்கிறது என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். 'வெள்ளிக்கிழமை ஜாலி நேரம்' என்று அலுவலகமே அறிவித்து, மேலதிகாரி ஓரமாக நின்று பார்க்கிற இடத்தில் யாரும் விளையாடுவதில்லை. விளையாடுவதுபோல் காட்டிக்கொள்கிறார்கள். மேலதிகாரியும் உள்ளே இறங்கிச் சட்டையில் சாயத்தைப் பூசிக்கொண்டால்தான் கதை மாறும்.

உடம்புக்குள்ளும் ஏதோ நடக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டின் ராபின் டன்பார் குழு 2012இல் வெளியிட்ட சோதனைகளில், சேர்ந்து உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தவர்களால் அதன் பிறகு கையில் சுற்றிய உறைபனிக் குளிரை அதிக நேரம் தாங்க முடிந்தது. சுவாரசியமில்லாத படம் பார்த்தவர்களுக்கு அது முடியவில்லை. 2017இல் பின்லாந்தின் துர்க்கு நகரத்தில், நண்பர்களோடு அரை மணி நேரம் சிரித்தவர்களின் மூளையைப் படமெடுத்தபோது, மூளை தானாகவே சுரக்கும் வலிநிவாரணிப் பொருட்கள் வெளிப்பட்டது தெரிந்தது. சோதித்தது 12 பேரைத்தான் என்பதால் இதை வைத்து மலையைப் பிடுங்க முடியாது. ஆனால் இரண்டு ஆய்வும் ஒரே திசையைக் காட்டுகின்றன: சேர்ந்து சிரித்தவர்கள் ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொள்கிறார்கள், அந்த ஒட்டுதலுக்கு உடம்பே கூலி கொடுக்கிறது.

எது விளையாட்டுத்தனம்?

மும்பை மாரத்தானுக்குத் தயாராகும் ஒருவரை எனக்குத் தெரியும். மணிக்கட்டில் கருவி, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கணக்கு. நேற்றைவிட பத்து விநாடி கூடிவிட்டால் காலைக் காப்பி கசக்கும். உடம்புக்கு அது நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது இன்னொரு வேலை. அதே மனிதர் ஞாயிற்றுக்கிழமை கட்டிடத்துக்குப் பின்னால் பையன்களோடு கிரிக்கெட் ஆடுவார். இரண்டாம் மாடி ஜன்னலில் பட்டால் அவுட். ஒரு குத்து குத்தி ஒற்றைக் கையில் பிடித்தாலும் அவுட். சாக்கடையில் விழுந்தால் அடித்தவரே எடுக்க வேண்டும். பாதி ஆட்டத்தில் ஸ்கூட்டர் வந்தால் அதற்கென்று ஒரு புது விதி பிறக்கும். அங்கே அவர் ஆளே வேறு. தோற்றால்தான் அதிகம் சிரிப்பார்.

ஜெர்மனியின் ஹாலே பல்கலைக்கழகத்தில் ரெனே புரோயர் பெரியவர்களின் விளையாட்டுத்தனத்தைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருகிறார். 2017இல் அவர் அதற்கு நான்கு முகங்கள் சொன்னார். மற்றவர்களோடு கேலியும் செல்லச் சீண்டலுமாக உறவை வளர்ப்பவர்கள் ஒரு வகை. வாழ்க்கையை லேசாக எடுத்துக்கொண்டு 'ஆனது ஆகட்டும்' என்று போகிறவர்கள் இன்னொரு வகை. யோசனைகளோடு விளையாடுபவர்கள் மூன்றாவது. நான்காவது, வினோதமானதில், கிறுக்கானதில் மகிழ்ச்சி காண்பவர்கள்.

இந்தப் பிரிவு எனக்குப் பிடித்ததற்குக் காரணம் உண்டு. சத்தமாகச் சிரிக்கிறவர், மேடையேறி ஆடுகிறவர்தான் விளையாட்டுத்தனமானவர் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சபையில் வாயே திறக்காத என் பெரியப்பா, செம்பூரிலிருந்து ஃபோர்ட்டுக்குப் போகும் பஸ்ஸில் எதிரே போகும் வண்டிகளின் நம்பர்களைக் கூட்டிக் கழித்து ஒன்பது வருகிறதா என்று பார்த்துக்கொண்டே போவார். வந்தால் முகத்தில் ஒரு திருப்தி. அதுவும் விளையாட்டுத்தனம்தான்.

யோசனைகளோடு விளையாடுவதால் என்ன லாபம் என்பதற்கு ரிச்சர்ட் ஃபைன்மேனின் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர், சரக்கு தீர்ந்துவிட்டது, இனி தன்னால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது என்று சோர்ந்துகிடந்தார். சரி, பயனைப் பற்றிக் கவலைப்படாமல் பிடித்ததை மட்டும் செய்வோம் என்று முடிவெடுத்தார். ஒரு நாள் உணவுக்கூடத்தில் யாரோ ஒரு தட்டை மேலே எறிந்தார்கள். அது சுழலும் வேகத்துக்கும் தள்ளாடும் வேகத்துக்கும் என்ன உறவு என்று சும்மா கணக்குப் போட ஆரம்பித்தார். அந்தச் சும்மாதான் அவரை மறுபடி இயற்பியலுக்குள் இழுத்துப்போனது. 1965இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த வேலைக்கு அவரே இந்தத் தட்டிலிருந்து கோடு இழுத்துக் காட்டினார்.

சாதாரண ஆட்களுக்கும் இது பொருந்துமா? ஆலிஸ் ஐசனும் சகாக்களும் 1987இல் ஒரு பழைய புதிரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, ஒரு டப்பா நிறையக் குத்தூசி. மெழுகு தரையில் சொட்டாமல் மெழுகுவர்த்தியைச் சுவரில் பொருத்த வேண்டும். டப்பாவைக் காலி செய்து, அதையே சுவரில் குத்தித் தாங்கியாக்க வேண்டும் என்பது விடை. ஊசி வைக்கும் டப்பாவாகவே பார்த்துக்கொண்டிருந்தால் விடை தெரியாது. முன்னதாகச் சில நிமிடம் நகைச்சுவைப் படம் பார்த்தவர்களில் பெரும்பாலோர் கண்டுபிடித்தார்கள், மற்றவர்களில் சிலர்தான். மனசு இளகியிருந்தால் டப்பா டப்பாவாக மட்டும் தெரிவதில்லை.

லோக்கல் ரயிலும் கல்யாண வீடும்

மும்பையில் பெரியவர்கள் விளையாடுவதைக் கண்ணாரப் பார்க்க வேண்டுமானால் லோக்கல் ரயிலில் ஏற வேண்டும். புறநகரான டோம்பிவிலியிலிருந்தும் கல்யாணிலிருந்தும் தெற்கு மும்பை ரயில் முனையமான சி.எஸ்.எம்.டி. போக ஒரு வழிக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மூன்று பேர் இருக்கையில் நான்காவதாக ஒருவர் ஒட்டிக்கொள்வது இங்கே எழுதாத சட்டம். அந்த நெரிசலுக்குள் எதிரெதிரே இருப்பவர்களின் முழங்கால்கள் மேல் ஒரு பெட்டியையோ அட்டையையோ வைத்துச் சீட்டு போடுவார்கள். நின்றுகொண்டிருப்பவர் மேலிருந்து எட்டிப் பார்த்து யோசனை சொல்வார், திட்டும் வாங்குவார். அடுத்த பெட்டியில் ஜால்ராவோடு பஜனை ஓடும். தசரா வந்தால் பெட்டிக்கே மாலையும் தோரணமும் கட்டிப் பூஜை போட்டு இனிப்புக் கொடுப்பார்கள்.

திருநெல்வேலிப் பக்கத்துக்காரர் ஒருவர், வங்கியில் பெரிய பதவி. கிளையில் அவர் நடந்து வந்தால் பேச்சு நிற்கும். ரயிலில் அவர் வெறும் 'அண்ணா'. தோற்றால் தாணேயிலிருந்து காட்கோபர் வரை பாட வேண்டும் என்பது அவர்கள் குழுவின் தண்டனை. அவர் தமிழ்ப் பாட்டுத்தான் பாடுவார், அதுவும் கட்டைக் குரலில். ஒரு வார்த்தை புரியாத மராத்திக்காரர்கள் ஜன்னல் கம்பியில் தாளம் போடுவார்கள். அந்த ஒரு மணி நேரம் இல்லாவிட்டால் முப்பது வருட வேலையைத் தாங்கியிருக்க மாட்டேன் என்று அவர் என்னிடம் சொன்னபோது அதில் மிகை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஏன் அங்கே மட்டும் அவருக்கு அது வருகிறது? தினமும் அதே முகங்கள், அதே நேரம். யாரும் யாருக்கும் மேலதிகாரி இல்லை. இறங்கினால் அந்தப் பாட்டு அவரைத் துரத்தி வராது. பூனை முடி இல்லாத கூண்டு அது. இப்போது அதே பெட்டிகளில் ஆளுக்கொரு போனில் தலை கவிழ்ந்திருப்பதைப் பார்க்கிறேன். போனிலும் ஆட்டம்தான் ஓடுகிறது. ஆனால் பக்கத்து ஆளோடு இல்லை, அதனால் பாட்டுத் தண்டனையும் இல்லை.

இந்த அனுமதியைச் சடங்காகவே கட்டிவைத்தவர்கள் நம் பெரியவர்கள். மாட்டுங்காவில் பிராமண வீட்டுக் கல்யாணங்களில் நலங்கைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எதிரெதிரே உட்கார்ந்த மாப்பிள்ளையும் பெண்ணும் தேங்காயை உருட்டிப் பிடுங்கிக்கொள்வார்கள், ஒருவர் தலையைச் சுற்றி இன்னொருவர் அப்பளத்தை நொறுக்குவார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த மாப்பிள்ளையின் தலைமுடியெல்லாம் அப்பளத் தூள். சம்பந்திகளின் சமையலையும் சிக்கனத்தையும் கிண்டல் செய்து பாட்டு வேறு. காலையில் அறிமுகமாகி, சீர் விஷயத்தில் முறைத்துக்கொண்ட இரண்டு குடும்பங்கள் சாயங்காலம் ஒரே ஜமக்காளத்தில் உட்கார்ந்து சிரிக்கும்.

மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் 1940இல் எழுதிய ஒரு கட்டுரையில் உலகின் பல சமூகங்களில் இருக்கும் கேலி உறவுகளை விளக்கினார். கல்யாணத்தால் நெருங்கவும் வேண்டும், ஆனால் உரசலுக்கும் இடமிருக்கிறது என்கிற உறவுகளில் 'எவ்வளவு கேலி செய்தாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது' என்ற விதி அந்த உரசலைச் சண்டையாகாமல் காக்கிறது என்பது அவர் பார்வை. நம் மாமன் மச்சான் கேலியும் கோயில் கொடையில் முறைக்காரர்மேல் ஊற்றும் மஞ்சத்தண்ணியும் அதே வேலையைத்தான் செய்கின்றன. தாராவிக்கும் அந்தோப் ஹில்லுக்கும் பிழைக்க வந்த தென்மாவட்டத்துக் குடும்பங்கள் இவற்றைக் கூடவே கொண்டுவந்திருக்கின்றன. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்கப் பெரியவர்கள் பரமபதம் உருட்டுவதும் இந்தக் கணக்கில்தான் வரும். நடுநிசியில் எழுபது வயதுப் பாட்டி பெரிய பாம்பில் இறங்கிவிட்டுத் 'தாயக்கட்டை சரியில்லை' என்று சண்டை போடுவார். தொல்காப்பியம் உவகை பிறக்கும் இடங்களாக நான்கைச் சொல்கிறது: செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு. செல்வத்தோடு ஒரே வரிசையில் விளையாட்டை வைத்தவர்களின் பிள்ளைகள் நாம்.

கஷ்ட காலத்தில்

'வீட்டில் ஆயிரம் பிரச்சினை, இதில் விளையாட்டு ஒன்றுதான் குறைச்சல்' என்பவர்களுக்கு ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் சியாங்யோ ஷென்னும் சகாக்களும் கோவிட் காலத்தில் அமெரிக்கர்கள் 503 பேரிடம் விவரம் சேகரித்து 2025இல் வெளியிட்டார்கள். விளையாட்டுத்தனம் மிகுந்தவர்கள் ஆபத்தைக் குறைத்து எடைபோடுவார்கள் என்று நாம் எதிர்பார்ப்போம். அப்படி இல்லை. நோயின் ஆபத்தையும் தங்களைச் சுற்றியுள்ள கட்டுப்பாடுகளையும் மற்றவர்கள் அளவுக்கே சரியாகப் பார்த்தார்கள். வேறுபட்டது இரண்டில்: வரப்போகும் நாட்களைப் பற்றி நம்பிக்கை அதிகம், கையில் இருப்பதை வைத்து நாளை ஓட்டப் புதுப்புது வழி கண்டுபிடிப்பதும் அதிகம்.

எங்கள் கட்டிடத்தில் 2020இல் நான் நேரிலேயே இதைப் பார்த்தேன். பி விங் வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது, யாருக்கும் நிலைமை தெரியாமல் இல்லை. ஆனால் சாயங்காலம் ஒருவர் கீழே மைக்கோடு நின்று, சீட்டில் எண்களை அடித்துக்கொண்டே போகும் ஹவுசி ஆட்டத்துக்கு எண்களைக் கூப்பிடுவார். ஜன்னலுக்கு ஜன்னல் பென்சிலோடு ஆட்கள். ஒரு நாள் தனியாக இருந்த விதவை மாமி ஒருவர் ஃபுல் ஹவுஸ் அடித்தார். அவருக்குப் பரிசு ஒரு கிலோ வெங்காயம், கயிற்றில் கூடை கட்டி மேலே இழுத்துக்கொண்டார். மொத்தக் கட்டிடமும் கை தட்டியது. நோயை யாரும் மறந்துவிடவில்லை, ஆனால் அந்த அரை மணி நேரத்துக்கு எல்லோரும் ஒருவருக்கொருவர் இருந்தார்கள்.

வயதானவர்களைப் பற்றி 2003இல் அமெரிக்காவில் வந்த ஆய்வும் இங்கே சேரும். 75 வயதைத் தாண்டிய 469 பேரைச் சில வருடங்கள் பின்தொடர்ந்ததில், பலகை விளையாட்டு, வாசிப்பு, இசைக்கருவி, நடனம் ஆகியவற்றில் ஈடுபட்டவர்களுக்கு மறதிநோய் குறைவாக வந்தது. சீட்டாடினால் மறதி வராது என்று இதற்கு அர்த்தமில்லை. நினைவு தளர ஆரம்பித்தவர்கள் தாமாகவே ஆட்டத்தை விட்டிருக்கவும் கூடும். ஆனாலும் தாத்தா கேரம் போர்டுக்கு முன்னால் உட்காருவதை நேர விரயம் என்று யாராவது சொன்னால் நான் தாத்தா பக்கம்தான்.

யாருக்கு அனுமதி?

இவ்வளவு சொன்ன பிறகு மறைக்கக் கூடாத பக்கமும் ஒன்று இருக்கிறது. 'விளையாட்டுக்குத்தானே சொன்னேன்' என்ற சொல்லின் மறைவில் நடக்கும் கொடுமை கொஞ்சமில்லை. மருமகளின் நிறத்தை, நண்பனின் சாதியை, கீழே வேலை செய்பவரின் ஆங்கிலத்தைக் கிண்டல் செய்துவிட்டு எதிரே இருப்பவர் சிரிக்கவில்லையென்றால் 'உனக்கு ஹியூமர் சென்ஸே இல்லை' என்பது. விலங்குகளிடம்கூட இதற்கு ஒழுங்கு உண்டு. பெரிய நாய் சின்ன நாயோடு விளையாடும்போது தன் பலத்தைக் குறைத்துக்கொள்ளும், தானே கீழே விழுந்து கொடுக்கும். எதிராளி விலகினால் ஆட்டம் முடிந்தது. கேலி செய்கிறவர் தன்னைக் கீழே விழவிடத் தயாரா என்று பார்த்தால் அது விளையாட்டா இல்லையா என்று தெரிந்துவிடும். கட்டாரியாவின் கிளப்பில் ஜோக்கைத் தூக்கியது இதனால்தான் எனக்குப் பெரிய முடிவாகப் படுகிறது.

பரிசுப் பணம் நுழைந்தாலும் விளையாட்டின் குணம் மாறிவிடும். மும்பையின் உறியடியான தஹி ஹண்டி அதற்கு உதாரணம். தெருப் பிள்ளைகள் மூன்று நான்கு அடுக்கு ஏறிப் பானை உடைத்த காலம் போய், லட்சக்கணக்கில் பரிசு, ஒன்பது அடுக்கு, உடைந்த எலும்புகள் என்று ஆனது. 2022இல் மாநில அரசே அதைச் சாகச விளையாட்டாக அறிவித்தது. பயிற்சியையும் துணிச்சலையும் நான் மதிக்கிறேன். ஆனால் வழுக்கி விழுந்து சிரித்துக்கொண்டே எழுந்த பழைய ஆட்டத்துக்கு அங்கே இடம் சுருங்கிவிட்டது.

இன்னொரு கேள்வி என்னை அதிகம் உறுத்துகிறது. விளையாட நேரம் யாருக்கு இருக்கிறது? மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி சம்பளமில்லாத வீட்டுவேலை செய்கிற பெண்கள் அதற்கு ஒரு நாளில் 289 நிமிடம் செலவிடுகிறார்கள், அதைச் செய்கிற ஆண்கள் 88 நிமிடம். ரயிலில் ஆண்கள் சீட்டுப் போடும் அதே நேரத்தில் பக்கத்துப் பெண்கள் பெட்டியில் கீரை ஆய்ந்துகொண்டும் பட்டாணி உரித்துக்கொண்டும் வருகிறார்கள். அதற்கு நடுவிலும் அந்தாக்ஷரி பாடுகிறார்கள், பிறந்தநாளுக்குக் கேக் வெட்டி முகத்தில் பூசுகிறார்கள். எனக்கு அதில் மகிழ்ச்சி உண்டு, ஆனால் இரவுச் சமையலுக்கான பட்டாணியை வீட்டில் இன்னொரு கை உரித்தால் அவர்களுக்கு இரண்டு கையும் தாளம் போடக் கிடைக்கும். பெரியவர்களின் விளையாட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் பாத்திரம் தேய்ப்பதைப் பற்றியும் பேசியாக வேண்டும்.

இயல்பிலேயே விளையாட்டுத்தனம் இல்லாதவர்கள் என்ன செய்வது? புரோயர் குழு 2020இல் 533 பேரைக் கொண்டு இதைச் சோதித்தது. ஒரு வாரம் தினமும் சிறு பயிற்சி. சிலர் அன்றைக்குத் தாங்கள் விளையாட்டாகச் செய்ததில் மூன்றைப் படுக்கப் போகும் முன் எழுதினார்கள். சிலர் வழக்கமில்லாத இடத்தில், உதாரணமாக வேலையில், விளையாட்டுத்தனத்தைக் கொஞ்சம் நுழைத்துப் பார்த்தார்கள். ஒரு வாரத்திலேயே விளையாட்டுத்தனம் கூடியது, மனநிறைவும் ஓரளவு உயர்ந்தது. மாற்றம் சிறியதுதான். ஆனால் பணம் செலவில்லாத, பக்கவிளைவில்லாத மருந்து இவ்வளவு செய்வதே அதிகம்.

தனியாளாக எழுதிப் பார்ப்பது நல்ல தொடக்கம். அதற்கு மேல் போக ஆளும் இடமும் வேண்டுமே. எங்கள் சொசைட்டியில் கீழே 'பந்து விளையாடக் கூடாது' என்று பலகை தொங்குகிறது. மொட்டை மாடிச் சாவி செயலாளரின் வீட்டு ஆணியில். இந்த நகரத்தின் பெரும்பாலான கட்டிடங்களில் இதே கதைதான். அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். ஞாயிறு மாலைகளில் மொட்டை மாடியைத் திறந்துவைக்க வேண்டும். பொது நிதியிலிருந்து இரண்டு கேரம் போர்டும் அதற்குப் பவுடரும் வாங்க வேண்டும். நேரத்தை முடிவு செய்வது பெண்களாக இருக்க வேண்டும். அந்த இரண்டு மணி நேரத்தில் பிள்ளைகளின் மார்க்கைப் பற்றியும் பராமரிப்புக் கட்டணப் பாக்கியைப் பற்றியும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால், அவர் எல்லோர் முன்னாலும் ஒரு பாட்டுப் பாட வேண்டும்.